மஞ்சள் பட்டையை அமுக்கட்டுமா?

நாகர்கோவிலில் பத்திரம் அடிக்கும் டிடிபி கடை ஒன்று. அங்கே வேர்டின் மேல்வரிசையில், கம்பெனி தராத பொத்தான் ஒன்று இருக்கிறது: ‘நான்கெல்லை’. தட்டினால் நாலு வரி வந்து விழும்; வடக்கே யார் விளை, தெற்கே எந்த ஓடை என்று நிரப்பினால் போதும். பக்கத்திலேயே, பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றும் இன்னொரு பொத்தான். 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்ற பிறகும் பழைய கோப்புகள் எங்கே போகும்? அதனால் இந்த இரண்டாவது பொத்தானுக்குக் கிராக்கி. பென்டிரைவில் கடைக்குக் கடை நடக்கிறது.

இரண்டும் மேக்ரோ, அதாவது வேர்டுக்குள் ஓடும் சின்ன நிரல். குறைசொல்ல எனக்கு மனசில்லை. அத்தனை தட்டச்சை மிச்சப்படுத்துகிறது.

ஆனால் அது குடியிருக்கும் இடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ‘நார்மல்’ என்ற வார்ப்புருக் கோப்பு. வேர்டைத் திறக்கும்போதெல்லாம் அதுவும் திறக்கும். வைரசுக்கும் அதுவே பிடித்த வீடு. ‘ஃபைல்சேவ்ஆஸ்’ என்ற பெயரில் ஒரு மேக்ரோ எழுதினால், வேர்டின் சொந்தக் கட்டளைக்குப் பதில் அதுதான் ஓடும். 1995-இல் வந்த ‘கான்செப்ட்’ வைரஸ் செய்தது இதைத்தான். 1999 மார்ச்சில் வந்த ‘மெலிசா’ இன்னும் கெட்டி: மேக்ரோ பாதுகாப்புக்கான மெனுவையே முடக்கிவிட்டு, அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் முதல் 50 பேருக்குத் தன்னை அனுப்பியது. எழுதியவருக்கு அமெரிக்காவில் 20 மாதச் சிறை.

டாக்எக்ஸ் கோப்புக்குள் மேக்ரோ இருக்க முடியாது. டாக்எம்மில் இருக்கும், பழைய ‘டாக்’ கோப்பிலும் இருக்கலாம், நம்மூர்க் கடைகளில் இன்னும் புழங்குவது அதுதான். இணையத்தில் இறக்கிய கோப்பின் மேக்ரோவை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுக்கிறது, சிவப்புப் பட்டை வரும். பென்டிரைவில் வந்ததற்கு இணைய அடையாளம் பெரும்பாலும் இராது. மேக்ரோவை இயக்கவா என்று கேட்கும் வெறும் மஞ்சள் பட்டைதான். “அண்ணாச்சி, மேல மஞ்சளா ஒண்ணு வருது, அமுக்கட்டுமா?” என்று பையன் கேட்பான். கடையில் கூட்டம் இருந்தால் என்ன பதில் வரும் என்று தெரியாதா?

அமுக்கும் முன் ஆல்ட்டும் எஃப்11-உம் தட்டுங்கள், நிரல் தெரியும். நாலு வரி போடும் மேக்ரோவில், வேறு நிரலை ஓடவைக்கும் ‘ஷெல்’ என்ற சொல்லுக்கு என்ன வேலை? வேர்டின் டிரஸ்ட் சென்டரில் எல்லா மேக்ரோவையும் அனுமதிக்கும் தேர்வை யார் சொன்னாலும் போடாதீர்கள்.

மாட்டிக்கொண்டால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். உடனே ஃபார்மேட் அடிக்காதீர்கள், சாட்சியமும் சேர்ந்து போய்விடும். நார்மல் கோப்பின் பெயரை மாற்றினால் வேர்டு புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும், உங்கள் பொத்தான்களும் கூடவே போகும். ஆகவே சுத்தமாக இருக்கும்போதே ஒரு நகல். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். மற்றதற்கு தேசிய சைபர் குற்றத் தளத்திலோ காவல் நிலையத்திலோ புகார்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43: அனுமதியின்றி வைரஸ் புகுத்தியவர் இழப்பீடு தரவேண்டும். கபட எண்ணத்தோடு செய்திருந்தால் பிரிவு 66-இன்படி மூன்றாண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். விவரமறியாமல் பென்டிரைவைக் கொடுத்த பக்கத்துக் கடைக்காரர் 66-க்குள் வரமாட்டார். 5 கோடி வரையிலான இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் அதிகாரி மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலர். அவர் இருப்பது சென்னையில், இங்கிருந்து சுமார் 700 கிலோமீட்டர்; புறப்படும் முன் அந்தப் பென்டிரைவை ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி ஒட்டி வையுங்கள்.