பில் எங்கே, தம்பி?

மார்கழி வந்துவிட்டால் பெரம்பலூர், அரியலூர் மைதானங்களில் கிழக்கு வெளுக்கும் முன்பே ஓட்டம் தொடங்கிவிடும். காவலர் தேர்வுக்கு 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடியாக வேண்டும். அந்த ஏழு நிமிடத்தை நம்பித்தான் இப்போது ஒரு வியாபாரம் நடக்கிறது. ‘முழுக்க மூலிகை, மூச்சு வாங்காது, குளிர் தெரியாது’ என்று டப்பாக்களில் பொடியும் மாத்திரையும் விற்கிறார்கள். வாங்கிய பையனைக் கேட்டால், “மூலிகைதானே அண்ணே, ஒண்ணும் பண்ணாது” என்பான். பில் கேட்டால் சிரிப்பான்.

படபடப்போ வாந்தியோ வந்த பிறகு நடப்பதும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். வீட்டார் பயந்துபோய் டப்பாவைக் குப்பையில் வீசுவார்கள். நண்பர்கள் கடைக்காரரிடம் சண்டை போட்டு வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைப்பார்கள். ஒரே வாரத்தில் எல்லாம் மறந்துபோகும். கையில் இருந்த ஒரே சாட்சியம் அந்த டப்பா. அதைத்தான் முதலில் தொலைக்கிறார்கள்.

மூலிகை என்றால் ஆபத்தில்லை என்பவர்கள் 2011-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். முந்தைய ஆண்டு காமன்வெல்த், ஆசியப் போட்டி இரண்டிலும் 4 × 400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்ற இந்திய அணியின் மந்தீப் கவுர், சினி ஜோஸ், அஷ்வினி அக்குஞ்சி உட்பட ஆறு வீராங்கனைகள் ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினார்கள். பயிற்சியாளர் கொடுத்த ஜின்செங் மூலிகையில்தான் அது கலந்திருந்தது என்று வாதாடினார்கள். இந்திய விசாரணைக் குழு ஓராண்டுத் தடை விதித்தது. 2012-இல் சர்வதேச விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அதை இரண்டு ஆண்டாக்கியது. உடம்பில் என்ன இருந்தாலும் பொறுப்பு வீரருடையது என்பதுதான் ஊக்கமருந்து விதி. ‘தெரியாமல் சாப்பிட்டேன்’ என்றால் தண்டனை குறையலாம், குற்றம் போகாது.

கலப்படமே இல்லாத மூலிகையும் மாட்டிவிடும். எட்டிக்கொட்டையில் இருக்கும் ஸ்ட்ரிக்னின், கஞ்சா சேர்ந்த லேகியம், எஃபிட்ரா செடியில் உள்ள எஃபிட்ரின் ஆகிய மூன்றும் போட்டிக்காலத் தடைப் பட்டியலில் இருப்பவை. இதில் எஃபிட்ரின் கதை குளிரோடு சேர்ந்தது. 1989-இல் கனடா ராணுவ ஆய்வாளர்கள் எஃபிட்ரினையும் காஃபினையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது, குளிரில் உடல் வெப்பம் குறைவது தாமதமானது உண்மைதான். ஆனால் அதே பொருள் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். எஃபிட்ரா கலந்த சத்துப் பொருள்களை அமெரிக்கா 2004-இல் தடை செய்ததற்கு இதுதான் காரணம். குளிரில் ரத்தக் குழாய்கள் ஏற்கெனவே சுருங்கி அழுத்தம் கூடியிருக்கும். அதன்மேல் இதையும் விழுங்கிவிட்டு ஓடுவது இதயத்தோடு சூதாடுவது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம்மூர் மார்கழிக் குளிர் காஷ்மீர்க் குளிர் அல்ல. நெடுந்தூர ஓட்டத்துக்கு 10 முதல் 15 டிகிரிதான் உகந்தது என்பார்கள். நம் விடியற்காலை அதைவிடக் கதகதப்பானது. குளிரைத் தாங்க இங்கே பொடி எதற்கு? பத்து நிமிட வார்ம்-அப் போதும். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடிக்க வேண்டும். குளிரில் வீசிங் வருகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு ஓடலாம்.

டப்பாவை வாங்கத்தான் போகிறார்கள் என்றால் முதலில் அதைத் திருப்பிப் பார்க்கட்டும். சத்துப் பொருள் என்றால் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் இருக்க வேண்டும். அதை அந்த ஆணையத்தின் ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ செயலியில் தட்டினால் உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று தெரியும். இந்த வகை உணவில் ஹார்மோனோ ஸ்டீராய்டோ சேர்க்கக் கூடாது என்பது சட்டம். சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் மருந்துத் தயாரிப்பு உரிம எண் இருக்கும். எந்த எண்ணும் இல்லையென்றால் டப்பாவைக் கடையிலேயே வைத்துவிட்டு வர வேண்டும்.

புகார் போக வேண்டிய இடமும் இதைப் பொறுத்தே மாறும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். சத்துப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலர், மருந்து என்றால் மாவட்ட சித்த மருத்துவ அலுவலர். உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணிலும் படத்தோடு புகார் அனுப்பலாம். ‘இது எங்கள் துறை இல்லை’ என்று ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குத் தள்ளிவிடுவது அலுவலகங்களுக்குக் கைவந்த கலை. அப்படி நடந்தால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுத்து, ரசீது எண்ணைக் கையோடு வாங்கிவர வேண்டும். ரசீது இல்லாத மனு காணாமல் போவதற்கு அதிக நாள் ஆகாது.

பலருக்குத் தெரியாத ஓர் உரிமையும் உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். அறிக்கை விற்பவருக்கு எதிராக வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் வாங்கும்போதே, ‘இதை ஆய்வுக்கு அனுப்பப் போகிறேன்’ என்று கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். பாதி தின்ற டப்பாவோடு போனால் இந்த வழி அடைபடும். அதே பேட்ச் எண்ணுள்ள சீல் பிரிக்காத டப்பாவை, கூட ஒருவரை வைத்துக்கொண்டு, பில்லோடு வாங்க வேண்டும். விண்ணப்பத்தில் ஸ்டீராய்டா, காஃபினா, எதைச் சந்தேகிக்கிறோம் என்று தெளிவாக எழுத வேண்டும். தஞ்சாவூரில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. நம் மாதிரி எங்கே போகும் என்பதை நியமன அலுவலரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

உடம்புக்கு ஏதாவது வந்தால் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனையோ, எங்கே போனாலும் டப்பா கூடவே போகட்டும். என்ன சாப்பிட்டான் என்பதை வெட்கப்பட்டு மறைக்காமல் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்ல வேண்டும். பிற்பாடு அந்தத் தாள்தான் பேசும். மருந்து என்று விற்கப்பட்டதானால் 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பக்கவிளைவைத் தெரிவிக்கலாம். நோயாளியே நிரப்பும் படிவம் தமிழிலும் இருக்கிறது.

இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. ஆன்லைனில் வேறு மாநிலத்துக் கடையில் வாங்கியிருந்தாலும், 2019 சட்டப்படி புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். போகுமுன் 1915-க்கு ஒரு போன் போட்டால் சில நேரம் கம்பெனியே பணத்தைத் திருப்பித் தந்துவிடும். எங்கே போனாலும் முதலில் கேட்பது பில். ஆன்லைன் ஆர்டர் என்றால் இன்வாய்ஸ், பணம் போன எஸ்.எம்.எஸ்., டப்பாவின் நான்கு பக்கப் படம் ஆகியவற்றை அன்றைக்கே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.