ஊர்ப் பெயர் தெரியாத மணமகள்



2024 மார்ச்சில் வெளிவந்த 'லாபதா லேடீஸ்' என்னும் இந்திப் படத்தைக் குடும்பத்தோடு பார்க்கலாம். 'காணாமல் போன பெண்கள்' என்று பொருள். இயக்கியவர் கிரண் ராவ். இந்தி தெரியாதே என்று தயங்க வேண்டாம். கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் பிள்ளைகள் வாசித்துச் சொல்வார்கள்.

கதை 2001-இல் நடக்கிறது. இரயிலில் ஒரேவிதமாக முக்காடிட்ட மணப்பெண்கள். இரவில் தீபக் தன் மனைவி பூல் என்றெண்ணி, ஜெயா என்ற வேறொருத்தியை அழைத்துக்கொண்டு இறங்கிவிடுகிறான். பூல் முன்பின் தெரியாத நிலையத்தில் தவிக்கிறாள். புகுந்த ஊரின் பெயர் ஏதோ ஒரு பூவின் பெயர் என்பது மட்டுமே நினைவிருக்கிறது. கணவன் பெயரை வாய்விட்டுச் சொல்லவும் தயக்கம். நம் நல்லம்பள்ளிப் பக்கத்துப் பாட்டிமார்களும் அப்படித்தானே! அதை நான் வேடிக்கையாகவே நினைத்திருந்தேன். இப்படத்தைப் பார்த்தபின் சிரிப்பு வரவில்லை. வீடு திரும்ப ஒரு முகவரி போதும். அதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஜெயாவோ இயற்கை விவசாயம் படிக்கத் துடிப்பவள். அவளைச் சந்தேகிக்கும், லஞ்சம் வாங்கும் காவல் அதிகாரியாக ரவி கிஷன் கலக்கியிருக்கிறார். ஆனால் முடிவில் அவர் மனம் மாறுவது சற்று அவசரம்தான்.

நிலையத்தில் டீக்கடை நடத்தும் மஞ்சு மாயி, பூலுக்கு வேலை தருகிறார், கூலியும் தருகிறார். அந்தப் பணத்தைக் கையில் வாங்கும்போது பூலின் முகத்தைக் கவனியுங்கள்.