பிள்ளையின் முகம் எந்தப் பக்கம்?

"கிளினிக்கில் ஸ்கான் எடுத்தாச்சு, தலை கீழேதான் இருக்குதாம்" என்று நிம்மதியாக இருக்கும் தாய்மார் நம்மிடையே பலர். அந்த நிம்மதி நியாயமானதே. ஆனால் தலை கீழே இருப்பது ஒன்று, முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது வேறொன்று. பின்னது வலி வந்த பிறகும் மாறும். அதனால் மாதங்களுக்கு முன் எடுத்த ஸ்கான் அதைச் சொல்லாது.

பிள்ளையின் பிடரி தாயின் வயிற்றுப் பக்கமாக இருந்தால் தலை சுலபமாக இறங்கும். பிடரி முதுகுப் பக்கமாக இருந்தால் தலையின் அகன்ற அளவு இடுப்பெலும்புக்குள் வரவேண்டியிருக்கும். இடுப்பு கடுக்கும், வலி நீளும். இப்படித் தொடங்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவை தாமாகவே திரும்பிவிடும், பயப்பட வேண்டாம். திரும்பாதவைதான் சிக்கல்.

மருத்துவிச்சியும் டாக்டரும் காலங்காலமாக உச்சிக்குழியை விரலால் தடவித்தான் இதை அறிந்தார்கள. நெடுநேர வலியில் பிள்ளையின் தலைத்தோல் வீங்கிவிட்டால் பழகிய கையும் ஏமாறும். அப்போது ஸ்கான் கருவியை அடிவயிற்றில் குறுக்காக வைத்துப் பார்ப்பார்கள். கண்குழிகள் இரண்டும் முன்பக்கமாகத் தெரிந்தால் பிடரி பின்னால் இருக்கிறது என்று அர்த்தம். சில நிமிட வேலை. இது ஒலியலை, எக்ஸ்ரே அல்ல. (உலோகத்தில் வெடிப்புத் தேடிய கருவியைக் கொண்டு கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்ற டாக்டர் தொடங்கிய வேலை இது. அவருடைய கட்டுரை 1958இல் வெளியானது.)

ஆயுதம் போட்டுப் பிள்ளை எடுக்க வேண்டியிருந்த 514 தாய்மாரைக் கொண்டு அயர்லாந்தில் செய்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. விரலால் மட்டும் பார்த்தபோது 100க்கு 20 பேருக்குத் தலையின் நிலை தவறாகக் கணிக்கப்பட்டது. ஸ்கானும் பார்த்தபோது அது 2க்கும் குறைந்தது. ஆயினும் தாய்க்கும் பிள்ளைக்கும் வந்த பாதிப்புகள் அதனால் குறையவில்லை. கருவி காட்டித்தான் கொடுக்கும். பிள்ளையை எடுப்பது கை. ஆகவேதான் 2018இல் வந்த சர்வதேச வழிகாட்டி இதை எல்லோருக்கும் கேட்கவில்லை. வலி நீளும்போதும் ஆயுதம் போடுவதற்கு முன்பும் பார்க்கச் சொல்கிறது.

தோட்டத்து மருந்தகத்தில் இதை எதிர்பார்க்க முடியாது. சத்திரசிகிச்சை வசதியும் விசேட வைத்தியரும் உள்ள பதுளை போதனா வைத்தியசாலை போன்ற இடத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்வதே முக்கியம். பசறை, லுணுகலை, ஹல்துமுல்லைப் பக்கத்து மழையில் அது இலேசல்ல. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண் சரிந்ததை நாம் மறக்கவில்லை.

இடம்பெயர்ந்த கர்ப்பிணிகள் புதிய இடத்துக் குடும்பநல மருத்துவிச்சியிடம் உடனே பதிய வேண்டும். பழைய இடத்திலிருந்து அவர் தானாகத் தேடி வரமாட்டார். கர்ப்பிணி அட்டை தொலைந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், முந்திய பிரசவம் ஆயுதம் போட்டா, சிசேரியனா என்பதையும் சொல்லுங்கள். எந்த வைத்தியசாலை, வாகனம் எந்தச் சந்திவரை வரும் என்பதை ஒன்பதாம் மாதத்துக்கு முன்பே வீட்டாரோடு பேசி வையுங்கள். அவசரத்துக்கு 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. அழைக்கும்போது தோட்டத்தின் பெயரோடு டிவிஷனையும் சொல்லுங்கள்.