இரண்டு செப்புக்காசும் முப்பது வெள்ளிக்காசும்

தவக்காலம் நாற்பது நாள் என்கிறோம். திருநீற்றுப் புதன் தொடங்கிப் பெரிய சனி வரை எண்ணிப் பார்த்தால் நாற்பத்தாறு நாள் வரும். இடையில் வருகின்ற ஆறு ஞாயிறுகளையும் கழித்தால்தான் கணக்குச் சரி. ஞாயிறு எப்பொழுதும் உயிர்ப்பின் நாளாகையால் அன்று ஒருசந்தி இல்லை. மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் இக்காலத்துக்கு வேறொரு கணக்கும் உண்டு. அதைப் பற்றி எமது ஆலயங்களில் அதிகம் பேசப்படுவதில்லை.

எமது கிராமங்களில் தவக்காலம் எவ்வாறு கழிகின்றது என்பதை வாசகர்கள் அறிவர். வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை. யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் வியாகுலப் பிரசங்கத்தை இராகத்தோடு வாசிக்கும் ஊர்கள் இன்றும் உள்ளன. 1705 இல் இலங்கைக்கு வந்து, 1742 இல் இங்கேயே கண்மூடிய அந்தக் கோவா நாட்டுக் குருவானவர், எமது மக்கள் எந்த இடத்தில் அழுவார்கள் என்பதை நன்கு அறிந்திருந்தார். மன்னார்ப் பக்கத்தில் பாஸ் காட்டப்படும். கல்வாரிக் காட்சியில் சனம் விம்மும். இந்தக் கண்ணீரை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. போரில் பிள்ளைகளைக் கொடுத்த தாய்மார் வியாகுல மாதாவின் முன்னால் அழுவதற்கு இறையியல் விளக்கம் எதுவும் தேவையில்லை.

எனினும் ஆண்டவருடைய கடைசி வாரத்தை நற்செய்திகளில் ஒருமுறை ஆறுதலாக வாசித்துப் பாருங்கள். பணம் எத்தனை இடத்தில் வருகின்றது! காசு மாற்றுவோரின் மேசைகள், சீசருக்குரிய வரிக்காசு, கைம்பெண்ணின் இரண்டு செப்புக்காசு, முந்நூறு தெனாரியம் பெறுமதியான நறுமணத் தைலம், முப்பது வெள்ளிக்காசு, அந்தக் காசில் வாங்கிய காணி, படைவீரருக்குக் கொடுத்த கைக்கூலி. அபிவிருத்திப் பணியில் உள்ளவர்கள் கடன் கொப்பிகளைப் பார்த்துப் பழகியவர்கள். அந்தக் கண்ணோடு புனித வாரத்தை வாசிக்க இம்முறை முயல்வோம்.

குருத்தோலை ஞாயிறன்று இயேசு ஏறி வந்த கழுதை இரவல் கழுதை. வேலை முடிந்ததும் திருப்பி அனுப்புவதாகச் சொல்லித்தான் சீடர்கள் அதை அவிழ்க்கின்றார்கள். இராவுணவுக்கான மேல்மாடி அறையும் பிறருடையது. அடக்கம் செய்யப்பட்ட கல்லறையும் பிறருடையது. அரசரென்று ஆர்ப்பரிக்கப்பட்டவருக்கு நகரத்தில் சொந்தமாக ஒரு பாயும் இருக்கவில்லை.

மறுநாள் கோவிலில் மேசைகள் கவிழ்கின்றன. இருபது வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு யூத ஆணும் ஆண்டுதோறும் அரைச் சேக்கல் கோவில் வரி செலுத்த வேண்டியிருந்தது. அது தீர் நகரத்து வெள்ளி நாணயத்தில் செலுத்தப்பட வேண்டும். ஊரிலிருந்து வருகிறவன் கையில் இருக்கும் காசை மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு ஒரு கூலி. ஆடு வாங்க வழியில்லாத ஏழைக்குச் சட்டம் அனுமதித்த காணிக்கை புறா. அந்தப் புறா விற்போரின் இருக்கைகளைத்தான் இயேசு கவிழ்த்தார் என்று மாற்கு குறிப்பிட்டுச் சொல்கின்றார். ஏழைகள் நின்ற வரிசை எது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எருசலேம் நகரத்தில் கடன் பத்திரங்களுக்கென்றே ஓர் ஆவணக் களஞ்சியமும் இருந்தது. கி.பி. 66 இல் உரோமையருக்கு எதிரான கிளர்ச்சி தொடங்கியபோது, கிளர்ச்சியாளர் ஆரம்பத்திலேயே தீயிட்ட இடங்களுள் அதுவும் ஒன்றென யோசேபுஸ் என்னும் யூத வரலாற்றாசிரியர் எழுதி வைத்துள்ளார். மக்களுடைய கழுத்தில் எந்தக் கயிறு இறுகியிருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இனி அந்தக் கைம்பெண்ணிடம் வருவோம். காணிக்கை பற்றிய மறையுரைகளில் இவளைப் போல அடிக்கடி அழைக்கப்படுகின்ற ஆள் வேறில்லை. ஆலயத் திருத்த வேலை, திருவிழாச் செலவு, மணிக்கூண்டு எதற்கென்றாலும் அவள்தான் முன்மாதிரி. ஆனால் மாற்கு நற்செய்தியில் அவளுக்கு முன்னும் பின்னும் என்ன எழுதப்பட்டிருக்கின்றது என்று பாருங்கள். அவள் வருவதற்குச் சற்று முன்னர், நீண்ட செபம் சொல்லிக்கொண்டு கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகின்ற மறைநூல் அறிஞர்களை இயேசு கண்டிக்கின்றார். அவள் போன கையோடு, இந்தக் கோவிலில் கல்லின்மேல் கல் நில்லாது என்கின்றார். நடுவில் அவள் தன் பிழைப்புக்கென்று இருந்த முழுவதையும் போட்டுவிட்டுப் போகிறாள். நீங்களும் இவளைப் போலச் செய்யுங்கள் என்று இயேசு ஓரிடத்திலும் சொல்லவில்லை. அவர் புகழ்ந்தாரா, வருந்தினாரா என்று கேட்கும் மறைநூல் ஆய்வாளர் உண்டு. அவளுடைய மனம் பெரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவளுடைய கடைசிக் காசையும் கேட்டு வாங்கிய அமைப்பைப் பற்றி அவர் வருந்தினார் என்றே நாம் வாசிக்கின்றோம். மணிக்கூண்டுக்குப் பணம் சேர்ப்போர் இதை விரும்பமாட்டார்கள்!

வீடு விழுங்குதல் என்பது எமது வாசகர்களுக்கு விளங்காத சொல்லல்ல. 2009 இல் போர் முடிந்த பின்னர், வடக்கிலும் கிழக்கிலும் ஒழுங்கை ஒழுங்கையாக நுண்கடன் நிறுவனங்கள் வந்தன. காணி உறுதி கேட்கவில்லை. பெண்கள் சிலர் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்றால் போதும் என்றார்கள். கணவனை இழந்து, தனியே குடும்பம் சுமக்கும் பெண்ணுக்கு அது பெரிய உதவியாகத் தெரிந்தது. கோழி வளர்க்க எடுத்த கடன் பிள்ளையின் மருந்துக்குப் போயிற்று. முதற்கடனின் கட்டுக்காசுக்கு இரண்டாவது கடன், அதற்கு மூன்றாவது. தோடு, தாலிக்கொடி என்று ஒவ்வொன்றாக அடகுக்குப் போயின. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் பின்படலையால் விலகிப்போகும் தாய்மாரை நாம் அறிவோம். கட்ட முடியாமல் உயிரையே மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. 2018 இல் அரசு, வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நிலுவைக் கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. நுண்கடன் கம்பனிகள் ஆண்டுக்கு 35 வீதத்துக்கு மேல் வட்டி அறவிடக் கூடாதென மத்திய வங்கியும் வரம்பு கட்டியது. கட்டிய வரம்பே 35 வீதம் என்றால், அதற்கு முன்னர் அறவிட்டது எவ்வளவு என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

பெரிய திங்களன்று வாசிக்கப்படும் நற்செய்தி பெத்தானியாவில் நடக்கின்றது. மரியா விலையுயர்ந்த தைலத்தை ஆண்டவரின் பாதங்களில் பூசுகிறாள். ஒரு தெனாரியம் என்பது கூலியாள் ஒருவனின் ஒருநாட் சம்பளம். முந்நூறு தெனாரியம் என்றால் ஏறக்குறைய ஓராண்டு உழைப்பு. அதை ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்கிறான் யூதாசு. ஏழைகள் எப்போதும் உங்களோடு இருப்பார்கள் என்ற கருத்தில் இயேசு மறுமொழி சொல்கின்றார். வறுமையை ஒழிக்க முடியாது, வீணாக ஏன் மினக்கெடுகிறீர்கள் என்று எமக்குப் புத்தி சொல்ல வருகிறவர்கள் இந்த வசனத்தைத்தான் எடுத்து நீட்டுவார்கள். இயேசு நினைவூட்டியது இணைச்சட்ட நூலின் பதினைந்தாம் அதிகாரத்தை. அந்த அதிகாரம் எதைப் பற்றியது? ஏழாண்டுக்கு ஒருமுறை கடன்களை விட்டுவிட வேண்டும் என்ற சட்டத்தைப் பற்றியது. நாட்டில் ஏழைகள் இல்லாமற் போகமாட்டார்கள், ஆதலால் கையை மூடாதே, ஏழாம் ஆண்டு நெருங்குகிறதென்று கடன் கொடுக்க மறுக்காதே என்பது அங்குள்ள கட்டளை. பாதி வசனத்தைப் பிடித்துக்கொண்டு மீதியை விட்டுவிடுவது வசதியான காரியம்.

கடன் என்ற சொல்லை எமது செபத்திலிருந்தே நாம் இழந்துவிட்டோம் போலும். ஆண்டவர் கற்பித்த செபத்தில், மத்தேயு நற்செய்தியின் கிரேக்கச் சொல்லுக்கு நேர்ப்பொருள் கடன்கள் என்பதே. தமிழ்க் கத்தோலிக்கர் பாவங்கள் என்று சொல்லிப் பழகிவிட்டோம். புரட்டஸ்தாந்து சகோதரர்களின் பழைய மொழிபெயர்ப்பில் கடன் என்ற சொல் அப்படியே நிற்கின்றது.

பெரிய புதன் யூதாசின் நாள். முப்பது வெள்ளிக்காசு என்பது, மாடு முட்டி இறந்துபோன அடிமைக்கு நட்டஈடாக மோசேயின் சட்டம் விதித்த தொகை. பின்னர் அவன் அதைக் கோவிலில் எறிந்துவிட்டுப் போனதும் தலைமைக் குருக்கள் கூடி ஆலோசிக்கின்றார்கள். இரத்தத்தின் விலை, இதைக் காணிக்கைப் பெட்டியில் போடுவது முறையல்ல என்கின்றார்கள். கொடுத்தபோது எழாத சந்தேகம் திரும்பி வந்தபோது எழுகின்றது. குயவன் நிலத்தை வாங்கி, அந்நியரை அடக்கம் செய்யும் இடமாக்குகின்றார்கள். தருமக் கணக்கில் ஒரு வரவாக அது எழுதப்பட்டிருக்கும்.

பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கில் பெண்களையும் சேர்த்துக்கொள்ளலாம் எனத் திருச்சபை 2016 இல் ஒழுங்கு செய்தது. இன்னும் எமது பங்குகள் சிலவற்றில் பன்னிரண்டு கதிரையும் சங்கத் தலைவர்களுக்கும் சபைப் பொருளாளர்களுக்குமே ஒதுக்கப்படுகின்றன. கட்டுக்காசுக்காக நாளெல்லாம் வெயிலில் நடந்த கால்கள் ஆலயத்தின் பின்வரிசையில் இருக்கின்றன.

பெரிய வெள்ளியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எமது மக்களுக்கு அது தெரியும். அன்றும் திருநீற்றுப் புதனன்றும் ஒருசந்தியும் சுத்தபோசனமும் கடமை. பதினெட்டு வயது முடிந்தவர்கள் அறுபதாம் வயது தொடங்கும் வரை ஒருசந்தி அனுசரிக்க வேண்டும். ஒருசந்தியால் மிச்சமாகும் சாப்பாடு யாருடையது என்பதுதான் கேள்வி. அது ஏழைக்குச் சேரவேண்டும் என்று ஐந்தாம் நூற்றாண்டிலேயே பாப்பரசர் பெரிய லியோ தமது தவக்கால மறையுரைகளில் வலியுறுத்தினார். மச்சம் தவிர்த்து மூன்று கறியோடு உண்பது ஒறுத்தலாகுமா என்று நாம் கேட்டால் சிலருக்குக் கோபம் வரும்.

தவக்கால உண்டியலைத் திறக்கும் பங்குகள் அந்தப் பணத்தை உலருணவுப் பொதிகளாகவே பெரும்பாலும் கொடுத்து முடிக்கின்றன. பொதி ஒரு கிழமைக்குக் காணும். வேறு வழியும் எமது மரபில் உண்டு. வட்டிக்காரரிடம் அகப்பட்ட ஏழைகளுக்காக 1462 இல் இத்தாலியின் பெருஜியா நகரில் பிரான்சிஸ்கன் துறவிகள் ஓர் அடகு நிதியை அமைத்தார்கள். நடத்தும் செலவுக்கு மட்டும் சிறுதொகை அறவிடப்பட்டது. அதுவும் பாவமா என்ற விவாதம் எழுந்து, 1515 இல் ஐந்தாம் லாத்தரன் பொதுச்சங்கம் அதை ஏற்றுக்கொண்டது. எமது நாட்டிலும் 1911 இலேயே கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் வந்துவிட்டது. சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் சில கிராமங்களில் உறங்குகின்றன, சிலவற்றில் நன்றாகவே நடக்கின்றன. உண்டியல் பணத்தை அத்தகைய சங்கமொன்றில் சுழல் நிதியாக வைத்து, கிழமைக் கடனில் மாட்டிய குடும்பங்களை ஒவ்வொன்றாக மீட்டெடுப்பது பங்கால் முடியாத காரியமல்ல. கணக்கு ஆலய வாசலில் ஒட்டப்பட வேண்டும். பெயர்கள் ஒட்டப்படக் கூடாது.

உயிர்த்த ஞாயிறன்றும் பணம் கைமாறுகின்றது. ஓய்வுநாள் முடிந்ததும் பெண்கள் நறுமணப் பொருட்கள் வாங்கியதாக மாற்கு சொல்கின்றார். அவர்கள் செலவழித்தது தமது காசு. அதே காலையில் படைவீரருக்குப் பெருந்தொகை கொடுக்கப்படுகின்றது, நாங்கள் உறங்கிவிட்டோம் என்று சொல்லும்படி. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் உறவுகளைப் பறிகொடுத்தோருக்கு இந்தப் பகுதி வேறு விதமாகவே கேட்கும். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் நட்டஈடு செலுத்தும்படி தீர்ப்பளித்தது. அவர்கள் கேட்டது பணத்தை மாத்திரமல்ல. நடந்தது என்ன, தெரிந்திருந்தும் தடுக்காதவர் யார் என்பதையும்தான்.

திருவிழிப்பு முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு அடுத்த நாள் திங்கட்கிழமை. பல கிராமங்களில் அது கட்டுக்காசு நாளாக இருக்கும். மையக் கூட்டம் யார் வீட்டில் நடக்கின்றது, அன்று கையில் காசில்லாமல் நிற்கப்போகிறவர்கள் யார் என்பதைப் பங்குச் சபையும் மாதர் சங்கமும் குருத்தோலை ஞாயிறுக்கு முன்னரே கேட்டறிந்து வைத்திருக்கலாம்.