ஸ்டீயரிங் திரும்பாத கார்

தா.பழூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 2013 மாடல் ஃபோக்ஸ்வேகன் வென்டோ டீசல் காரை செகண்ட் ஹேண்டாக வாங்கினாராம். மதனத்தூர் பாலம் ஏறிக் கும்பகோணம் போய்வர அதுதான் வண்டி. "புகைச் சோதனைக்கு எப்போது போனாலும் சான்றிதழ் கிடைத்துவிடுகிறது. ஆனால் இந்த கம்பெனி புகை விஷயத்தில் மோசடி செய்து மாட்டியது என்கிறார் மருமகன். என் வண்டியும் அதில் சேர்த்தியா? வைத்துக்கொள்ளலாமா, தள்ளிவிடலாமா?" என்று கேட்கிறார்.

ஆயில் எஞ்சின் வைத்து நீர் இறைத்த பகுதிக்காரர்களுக்கு டீசல் எஞ்சின் ஓடும் விதத்தை நான் விளக்க வேண்டியதில்லை. அதன் புகைக்குழாயில் வருவதைப் பிரித்துப் பார்த்தால் போதும். ஒன்று கரி, கறுப்பாகத் தெரியும், துணியில் படியும். இன்னொன்று நைட்ரஜன் ஆக்சைடு. சிலிண்டருக்குள் சூடு மிகும்போது காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி உண்டாவது. குழாயை விட்டு வரும்போது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. தொல்லை தருவதில் அதுவும் குறைந்ததல்ல. குழந்தைகளின் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும், ஆஸ்துமாவைக் கிளப்பும். வெயில் பட்டால் ஓசோன் உருவாகவும் காரணமாகும். தரைமட்டத்தில் சேரும் ஓசோன் பயிரின் இலையைத் தாக்கி விளைச்சலைக் குறைக்கும்.

நம் ஊர்ப் புகைச் சோதனை மையத்தில் டீசல் வண்டிக்கு என்ன செய்கிறார்கள்? குழாயில் கருவியைச் செருகி, ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்லி, புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று பார்க்கிறார்கள். அளக்கப்படுவது கருமை மட்டுமே. நைட்ரஜன் ஆக்சைடை அந்தக் கருவி பார்ப்பதே இல்லை. ஆகவே வாசகரின் சான்றிதழ் உண்மையானது. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அது விடையாகாது.

நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கச் சூட்டைத் தணிக்க வேண்டும். அதற்காக எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்புவார்கள். அந்த வழியைத் திறந்து மூடுவதுதான் மெக்கானிக்குகள் சொல்லும் இ.ஜி.ஆர். வால்வு. இதனால் கரி கூடும், உறுப்புகள் சீக்கிரம் அடைபடும். மைலேஜ், பிக்கப், பாகங்களின் ஆயுள் எதிலும் குறை வராமல் சட்டத்துக்கும் கட்டுப்படுவது செலவு பிடிக்கும் வேலை. ஃபோக்ஸ்வேகன் அந்தச் செலவைத் தவிர்க்க மென்பொருளை நாடியது.

என்னை இன்னும் வியப்பில் வைத்திருப்பது அந்த மென்பொருள்தான். ஆய்வகத்தில் கார் சாலையில் ஓடுவதில்லை. உருளைகள் மேல் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றுகிறது. இத்தனை விநாடிக்கு இந்த வேகம் என்று முன்பே வரைந்த கோட்டைத் திரையில் பார்த்தபடி ஓட்டுநர் மிதிப்பார். அந்தக் கோடு ஊரறிந்தது. எத்தனை நேரத்தில் எத்தனை தூரம் ஓடியிருக்கிறது என்பதைக் கணக்குப் பார்த்தே இது சோதனை என்று எஞ்சின் கணினி கண்டுகொண்டு, மாசுக் கட்டுப்பாட்டை முழுதாக வேலை செய்ய வைத்தது. கோட்டை விட்டு விலகினால் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. இந்த வேலையைச் செய்த பகுதிக்கு நிறுவனத்துக்குள் 'ஒலிச் செயல்பாடு' என்று பெயர். முதலில் ஆடி கார்களின் டீசல் கடகடப்பைக் குறைக்க எழுதப்பட்ட நிரலிலிருந்து வளர்ந்தது.

பிறகு அமெரிக்காவில் சில கார்களில் பாகங்கள் பழுதாகத் தொடங்கின. அந்தக் கார்கள் சாலையிலும் சோதனை நிலையிலேயே ஓடிக்கொண்டிருப்பதுதான் காரணம் என்று பொறியாளர்கள் கருதினார்கள். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். அவர்கள் ஸ்டீயரிங்கின் கோணத்தையும் கணக்கில் சேர்த்தார்கள். சக்கரம் சுற்றுகிறது, ஸ்டீயரிங் மட்டும் திரும்பவில்லை என்றால் வண்டி உருளை மேல் நிற்கிறது என்று பொருள். இந்தத் திருத்தம் 2014-இல் வாடிக்கையாளர்களின் கார்களிலேயே ஏற்றப்பட்டது. தங்கள் வண்டி இன்னும் திறமையாக ஏமாற்றக் கற்றுக்கொண்டது உரிமையாளர்களுக்குத் தெரியாது.

இதை வெளிக்கொண்டு வந்தது மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சிறிய குழு. டான் கார்டர் தலைமையில் மார்க் பெஷ், சென்னையிலிருந்து போன அரவிந்த் திருவேங்கடம், பெங்களூரின் ஹேமந்த் கப்பண்ணா ஆகியோர் அதில் இருந்தார்கள். அளவைக் கருவியைக் காரிலேயே ஏற்றி, சாலையில் ஓட்டி அளந்தார்கள். கொள்முதல் நிலையத்தில் எங்கள் நெல்லுக்கு ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்கும்போது, மேலே காய்ந்து கிடப்பதை எடுக்காமல் குவியலுக்குள் கையை விட்டு அள்ளுவார்களே, அதைத்தான் இவர்கள் காருக்குச் செய்தார்கள். ஃபோக்ஸ்வேகனின் பஸாட் காரில் அனுமதித்ததைப் போல 5 முதல் 20 மடங்கும், ஜெட்டா காரில் 15 முதல் 35 மடங்கும் நைட்ரஜன் ஆக்சைடு வந்தது. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஃபோக்ஸ்வேகன் மேல் குற்றம்சாட்டியது. உலகெங்கும் சுமார் 1.1 கோடி கார்களில் அந்த மென்பொருள் இருப்பதாக நிறுவனமே ஒப்புக்கொண்டது.

இந்தியாவில் 2008 முதல் 2015 நவம்பர் வரை விற்ற, மோசடியில் சிக்கிய இ.ஏ.189 வகை டீசல் எஞ்சின் கார்கள் சுமார் 3,23,700. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, ஆடி மூன்றும் இதில் அடக்கம். வாசகரின் வென்டோவிலும் இந்த எஞ்சின்தான். புனேயின் வாகன ஆராய்ச்சி நிறுவனமான ஏ.ஆர்.ஏ.ஐ. சாலையில் அளந்தபோது வரம்பைப் போல 1.1 முதல் 2.6 மடங்கு வரை மாசு வந்தது. 2015 டிசம்பரில் கார்களைத் திரும்ப அழைத்து மென்பொருளை மாற்றித் தருவதாக நிறுவனம் அறிவித்தது. இந்தியச் சட்டத்தில் சாலை வரம்பே இல்லை என்றும் வாதிட்டது. 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் மேல் கட்டாய நடவடிக்கை எடுக்கத் தடை விதித்தது. அமெரிக்க உரிமையாளர்களிடம் காரைத் திரும்ப வாங்கிக்கொண்டு இழப்பீடும் தந்தார்கள். அதே எஞ்சினை நம்பிப் பணம் கட்டிய நம்மவருக்கு மென்பொருள் மாற்றம்தான் கிடைத்தது. இந்த வேறுபாட்டை என்னால் ஏற்க முடியவில்லை.

வாசகரே, வண்டியைத் தள்ளிவிட வேண்டாம். விற்றால் இன்னொருவர் ஓட்டப்போகிறார், அவ்வளவுதான். கம்பெனி சர்வீஸ் மையத்தில் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, அந்த மென்பொருள் மாற்றம் செய்யப்பட்டதா என்று கேளுங்கள். பிறகு உங்கள் மெக்கானிக்கிடம் இன்னொன்றும் கேளுங்கள். பிக்கப் வரும் என்று சொல்லி, இ.ஜி.ஆர். வழியைத் தகடு வைத்து அடைத்துவிடுகிற பழக்கம் நம் பட்டறைகளில் இருக்கிறது. முந்தைய உரிமையாளர் அடைத்திருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். ஜெர்மனியில் மென்பொருள் செய்த வேலையை இங்கே அந்தத் தகடு செய்கிறது. புதிய லாரிகளிலும் இதுவே நடக்கிறது: புகையைச் சுத்தப்படுத்தும் யூரியாக் கரைசலுக்குச் செலவழிக்க மனமில்லாமல், அது ஊற்றப்படுவதாகக் கணினியை நம்பவைக்கும் சிறு பெட்டியை மாட்டுகிறார்கள். அரியலூர்ச் சாலைகளில் சிமென்ட் ஆலைகளுக்கு ஓடும் லாரிகளின் எண்ணிக்கையை நினைத்தால் கவலையாக இருக்கிறது. அந்தச் சாலையோரங்களில்தான் நம் பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கிறார்கள்.

2023 ஏப்ரல் 1 முதல் புதிய கார்களைச் சாலையில் ஓட்டியும் அளக்க வேண்டும் என்பது விதியாகிவிட்டது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்கு அது பொருந்தாது. அவற்றைத் தடுத்துப் பார்க்கும் முக்கிய இடம் புகைச் சோதனை மையம். நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் கருவியை அங்கே வைக்கும்படி போக்குவரத்துத் துறையிடம் நாம் கேட்க வேண்டும்.