பழைய பேட்டரியை யார் எடுத்துக்கொள்வது?

ஆவடியில் சி.டி.எச். சாலையோர பேட்டரிக் கடைகளில் விலை பேசும் முன்னே வரும் கேள்வி, "பழசு இருக்கா சார்?" என்பதுதான். இன்வெர்ட்டரோ ஆட்டோவோ, பழசைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். உள்ளே இருக்கும் ஈயத்தை எடை போட்டு வாங்க ஆள் உண்டு. விண்வெளிக்குப் போகும் பேட்டரியைத் திருப்பி வாங்கத்தான் ஆள் இல்லை.

செவ்வாய்க்குப் போன மங்கள்யானில் இருந்தது 36 ஆம்பியர்-அவர் லித்தியம் அயனி பேட்டரி. வோல்டேஜ் வேறு என்றாலும், சின்னக் கார் பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணும் ஏறக்குறைய இதுதான். ஆறு மாதத்துக்கென்று அனுப்பிய விண்கலம் எட்டு ஆண்டு ஓடியது. சுமார் 1 மணி 40 நிமிட இருட்டைத் தாங்கும்படிதான் அந்த பேட்டரியைச் செய்திருந்தார்கள். 2022 ஏப்ரலில் வந்த ஒரு கிரகணமோ ஏழு மணி நேரத்தைத் தாண்டியது. எரிபொருளும் தீர்ந்திருக்கும் என்றார்கள். எப்படியோ, அதன் பிறகு தொடர்பு கிடைக்கவில்லை. 2023 செப்டம்பரில் பேட்டரி நிறைய சார்ஜோடு உறங்கப்போன சந்திரயான்-3இன் விக்ரமும் பிரக்யானும், நிலவின் இரண்டு வார இரவுக் குளிருக்குப் பின் எழுந்திருக்கவே இல்லை.

எந்திரம் தூங்கினால் போகட்டும் என்று விட்டுவிடலாம். நிலவில் மனிதன் இருக்கும் கூடத்தில் காற்றுக்கும் வெப்பத்துக்கும் இரண்டு வாரமும் மின்சாரம் வேண்டும். அதை பேட்டரியிலேயே சேமித்து எடுத்துப்போவதென்றால் ராக்கெட் தாங்காது. அங்கேதான் எரிபொருள் கலம் வருகிறது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சவ்வின் இருபுறமிருந்தும் சேர்ந்து மின்சாரம் தருகின்றன, மிஞ்சுவது தண்ணீர். 1965இல் ஜெமினி-5 இதை ஏற்றிச் சென்றது. அப்போலோ வீரர்கள் அந்தத் தண்ணீரையே குடித்தார்கள். அதில் ஹைட்ரஜன் குமிழிகள் கலந்திருந்து வயிறு உப்பியது தனிக்கதை. பகலில் சூரிய மின்சாரத்தால் தண்ணீரை மறுபடி பிரித்து, இரவில் மறுபடி சேர்க்கலாம்.

நம் இஸ்ரோவிலும் வேலை தொடங்கிவிட்டது. 2024 ஜனவரி 1 அன்று பி.எஸ்.எல்.வி.-சி58 ராக்கெட் எக்ஸ்போசாட் செயற்கைக்கோளை இறக்கிவிட்ட பிறகு, அதன் நான்காம் கட்டத்திலேயே ஒரு எரிபொருள் கலத்தை இயக்கிப் பார்த்தார்கள். கிடைத்தது 180 வாட். வீட்டில் இரண்டு சீலிங் ஃபேன் ஓடும். அதே பயணத்தில் சிலிக்கான்-கிராஃபைட் கலந்த லித்தியம் செல்லும் கிலோவுக்கு 190 வாட்-அவர் தந்தது. வழக்கமான செல்லில் 157. செய்தியில் பெரிதாகப் பேசப்பட்டது இந்தக் கணக்குதான். எனக்கு உறுத்துவது செத்த பிறகு அந்தச் செல் எங்கே போகும் என்பது.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் 48 நிக்கல்-ஹைட்ரஜன் பேட்டரிகளுக்குப் பதில் 24 லித்தியம் பேட்டரிகள் வந்தன. கழற்றியவற்றில் ஒன்பதைச் சரக்குத் தளத்தோடு சேர்த்து 2021 மார்ச்சில் வெளியே விட்டார்கள். இரண்டரை டன்னுக்கும் மேல் எடை. மூன்று ஆண்டு சுற்றிவிட்டு 2024 மார்ச் 8 அன்று வளிமண்டலத்தில் நுழைந்தது. எரிந்துவிடும் என்ற கணக்கு பிசகி, தளத்தின் 700 கிராம் உலோகத் துண்டு ஒன்று புளோரிடாவில் ஒரு வீட்டின் கூரையைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. யாருக்கும் காயமில்லை என்பது அதிர்ஷ்டம்.

மனிதரை ஏற்றிச் செல்லும் மூன்று நாள் ககன்யான் பயணத்துக்கு இந்தக் கவலையே தேவையில்லை, ஹைட்ரஜனைக் கட்டிக் காப்பது அதைவிடப் பெரிய தலைவலி என்பார்கள் பொறியாளர்கள். இருக்கலாம். 2035க்குள் அமைக்கத் திட்டமிட்டிருக்கும் இந்தியாவின் விண்வெளி நிலையமான பாரதிய அந்தரிக்ஷ் நிலையம் மூன்று நாள் சமாச்சாரம் இல்லையே! தரையில் விற்கும் பேட்டரிக்கு 2022இல் வந்த விதிகள், தயாரித்தவரே பழசையும் திரும்பப் பெற வேண்டும் என்கின்றன. அந்த நிலையத்துக்கான பேட்டரி வரைபடத்திலும் அப்படி ஒரு வரி இப்போதே ஏற வேண்டும்: எத்தனை ஆண்டில் கழற்றுவோம், எந்த விண்கலத்தில் ஏற்றுவோம், எந்தக் கடலில் இறக்குவோம்.