கசிவுக்கு எத்தனை மார்க்?

இருமினா, தும்மினா, குடம் தூக்கினா கொஞ்சம் சிறுநீர் கசிஞ்சிடும். இல்லேன்னா அவசரமா வந்து, பாத்ரூம் போறதுக்குள்ள நனைஞ்சிடும். குழந்தை பெற்ற பிறகும் மாதவிடாய் நின்ற பிறகும் நிறையப் பெண்களுக்கு இருக்கிற தொந்தரவு இது. சர்க்கரை மாதிரி ஒரு சொட்டு ரத்தத்தில் பார்த்துவிட முடியாத இதை எப்படித்தான் அளக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன்.

தராசு முறை ஒன்று உண்டு. எடை பார்த்த பேடை வைத்துக்கொண்டு, அரை லிட்டர் தண்ணீர் குடித்து, நடந்து, படியேறி, பத்து தடவை இருமி, ஒரு மணி நேரம் கழித்து அதே பேடை மறுபடி எடை போடுவார்கள். 1 கிராமுக்கு மேல் கூடியிருந்தால் கசிவு உண்டு. கணக்கு சுத்தம்தான். ஆனா அந்த ஒரு மணி நேரத்தோட கதை மட்டும்தான் அது.

ஆகவே கேள்வித்தாள். உலகம் முழுக்கப் புழங்குவது இங்கிலாந்தின் பிரிஸ்டலில் உருவாகி 2004-ல் வெளிவந்த ஐசிஐக்யூ குறுவடிவம். கடந்த நாலு வாரத்தை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். எத்தனை தடவை கசிகிறது: 0 முதல் 5. எவ்வளவு கசிகிறது: 0, 2, 4, 6. அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது: 0 முதல் 10. மொத்தம் 21.

கவனிச்சீங்களா, 21-ல் 10 மார்க் அந்த மூன்றாவது கேள்விக்கு. தினமும் பல தடவை (4), நடுத்தர அளவு (4) கசிகிற ஒரு பெண் "அதெல்லாம் பழகிடுச்சுங்க" என்று 1 சொன்னால் மொத்தம் 9. வாரம் ஒருமுறை (1) துளி போல (2) கசிந்து, அதற்கே கல்யாண வீட்டுக்குப் போகாமல் இருக்கிறவர் 9 சொன்னால் மொத்தம் 12. என்னைக் கேட்டால் இது குறை இல்லை, பாதிப்பையும் சேர்த்துத்தான் எண்ணுகிறார்கள். ஆனால் பொறுத்துப் போவதே பழக்கமான ஊரில் அந்த 1-ஐ அப்படியே நம்பக்கூடாது.

மார்க்கே இல்லாத கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: எப்போது கசிகிறது? இருமும்போது என்றால் இடுப்படித் தசைகளுக்கான பயிற்சி முதல் சிகிச்சை. கழிப்பறை போவதற்குள் என்றால் சிறுநீர்ப்பையை மெல்ல மெல்லப் பழக்குகிற பயிற்சி. ரெண்டும் சேர்ந்தும் வரலாம்.

அந்தக் கேள்வியில் 'உடற்பயிற்சி செய்யும்போது' என்று ஒரு பதில் வருகிறது. ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலையில் மரவள்ளிக்கிழங்கு தோல் சீவுகிறவரிடமோ, நாமக்கல் கோழிப்பண்ணையில் முட்டை அட்டை அடுக்குகிறவரிடமோ இதை வாசித்தால் "நமக்கு ஏதுங்க எக்சர்சைஸ்" என்பார். மூட்டை தூக்கும்போது, கூடையோடு எழுந்திருக்கும்போது என்று கேட்டால் சட்டென்று பதில் வரும். 0 முதல் 10 வரை என்பதும் சிலருக்கு ஓடாது. "ரூபாய்க்கு எட்டணா தேவலைங்க" என்று உடம்பைக் கணக்குச் சொல்கிற ஊர் இது. பத்து புளியங்கொட்டையைக் கையில் கொடுத்து, எத்தனை என்று எடுத்து வைக்கச் சொல்லலாம்.

தமிழில் இந்த வேலை நடக்காமல் இல்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த, 12 கேள்விகள் கொண்ட ஐசிஐக்யூ-ஃப்ளட்ஸ் வினாத்தாளை இலங்கை மருத்துவர்கள் தமிழாக்கி, மன்னாரில் பெண்களிடம் சோதித்து, 2017-ல் வெளியிட்டார்கள். இதில் இரவில் எழுவது, முக்கிப் போவது, கசிவது எல்லாம் தனித்தனியாகக் கேட்கப்படும். அதை அப்படியே சேலத்துக்குக் கொண்டுவரலாமா? இலங்கைத் தமிழில் சிறுநீரைச் 'சலம்' என்பார்கள். இங்கே பலருக்குச் சலம் என்றால் புண்ணில் கோத்த சீழ். நம்ம ஊர்ப் பெண்கள் சிலரிடம் வாசித்துக்காட்டி, என்ன புரிந்தது என்று கேட்டுப் பார்க்காமல் பயன்படுத்த முடியாது.

இன்னொரு சிக்கல், தறிக்கூடத்திலும் பண்ணையிலும் ஒழுங்கான கழிப்பறை இல்லாதபோது பெண்கள் தண்ணீரையே குறைத்துக்கொள்வது. கசிவு குறையும், மார்க்கும் குறையும். சிறுநீர் கெட்டியாகி எரிச்சல் கூடும்.

இதைப் பிடிக்க மூன்று நாள் சிறுநீர்க் குறிப்பேடு உதவும். எப்போது, எவ்வளவு குடித்தேன், எப்போது போனேன், எப்போது கசிந்தது என்று எழுதுவது. எழுதத் தெரியாதவர்களுக்கு மகளோ மருமகளோ கோடு போட்டுக் கொடுக்கலாம். காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஆறு வரை கசிவுக் கட்டம் காலியாக இருந்தால், பக்கத்திலேயே தண்ணீர்க் கட்டமும் காலியா என்று பாருங்கள்.